மரத்தடியில் ஒரு குட்டிக் கதவு

இந்த வாரம் டெக் கிடையாது. சரி, கொஞ்சம் இருக்கு. கடைசியில வரும்.

அமெரிக்காவுல மினியாபோலிஸ் நகரத்துல லேக் ஹாரியட்னு ஒரு ஏரி. சுத்தி நடைபாதை, சைக்கிள் பாதை. அங்க ஒரு ஆஷ் மரத்தோட அடியில 1990-கள்ல ஒரு குட்டி மரக்கதவு முளைச்சுது. உள்ளே ஒரு எல்ஃப் குடியிருக்கார்னு கதை. பேரு மிஸ்டர் லிட்டில் கை. எல்ஃபைத் தமிழ்ல குட்டிச்சாத்தான்னு சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்னா ஒரு குழந்தையும் அந்தப் பக்கமே போகாது.

குழந்தைகள் அந்தக் கதவைத் திறந்து லெட்டர் வைப்பாங்க. விஷயம் என்னன்னா, பதில் வரும்! குட்டிக் காகிதத்துல. பல வருஷமா இது நடந்துச்சு. யார் எழுதுறாங்கன்னு நான் தேடப் போகல, நீங்களும் தேடாதீங்க. ஆனா யாரோ ஒருத்தர் போய் லெட்டர் எடுத்து, படிச்சு, எழுதி, திரும்பக் கொண்டுபோய் வச்சிருக்கணும் இல்லையா? அதுவும் எத்தனை தடவை!

இப்போ இங்கிலாந்து. சாமர்செட் பகுதியில வேஃபோர்ட் வுட்ஸ்னு ஒரு காடு. அங்கயும் இதே மாதிரி கதவு, ஆனா தேவதைகளுக்கு. பார்த்தவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு கொண்டுவந்து மாட்ட, 2015-ல கிட்டத்தட்ட 200 கதவு ஆயிடுச்சு. காட்டைப் பார்த்துக்கிற அறங்காவலர்கள் ‘இனிமே கட்டுப்பாடு வேணும்’னு சொல்ல வேண்டிய நிலைமை. செய்தி உலகம் முழுக்க காமெடியா ஓடுச்சு. எனக்கு அவங்க மேல பாவமா இருந்துச்சு. ரிவ்யூவே இல்லாம ஊரே புரொடக்‌ஷன்ல டெப்லாய் பண்ணா, ஆன்-கால்ல இருக்கிறவன் என்ன பண்ணுவான்?

மரத்தையும் கொஞ்சம் யோசிங்க. இலையில தயாராகிற சர்க்கரை, பட்டைக்கு அடியில இருக்கிற மெல்லிய அடுக்கு வழியாத்தான் வேருக்குப் போகுது. ஆணி அடிச்சா அங்கதான் காயம். பூஞ்சை உள்ளே போக வழி. மரம் பெருக்கப் பெருக்க, பட்டை ஆணியை விழுங்கிடும். அதனால ஆசை வந்தா, அனுமதி வாங்கிட்டு, பொந்து வாசல்ல சும்மா சாய்ச்சு வைங்க. ஆணி வேண்டாம்.

கதவு செய்யறது ஒரு சனிக்கிழமை வேலை. பதில் எழுதறதுதான் வருஷக்கணக்குல போகும். இதை நான் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. ஏன்னா நானும் ஒரு கதவு வச்சிருக்கேன். ஒவ்வொரு எபிசோட் முடிவுலயும் ‘மெயில் பண்ணுங்க மக்களே’னு கத்துறேனே, அதுதான். நேத்து இன்பாக்ஸைத் திறந்தா, 41 மெயில் பதில் இல்லாம கிடக்குது. ஒரு செகண்ட் இயர் தம்பி ஏழு மாசத்துக்கு முன்னாடி எழுதியிருக்கான்: தமிழ் மீடியம்ல படிச்சவனாம், கிளாஸ்ல ஒண்ணுமே புரியலையாம், கோர்ஸை விட்டுடலாமான்னு கேட்டிருக்கான்.

விட்டுட்டானான்னு தெரியல. தம்பி, இந்த எபிசோட் அப்லோட் ஆகறதுக்கு முன்னாடி உனக்கு மெயில் வந்திருக்கும். ஸ்பேம்லயும் ஒரு தடவை பாரு.