கக்குவது குழந்தை, குற்றவாளி தாயா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பால் குடிக்க மறுக்கும் குழந்தை, குடித்த பாலைக் கக்கும் குழந்தை. இதுதான் இன்றைய தலைப்பு. "பிள்ளை என்றால் கக்கத்தானே செய்யும், இதற்கெல்லாம் ஒரு கருத்துக்களமா?" என்று சிலர் நினைக்கலாம். பிள்ளை கக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டுக் கூடத்தில் நடந்து கொண்டிருக்கும் தாய்க்கு அது சின்ன விஷயம் அல்ல. எட்டு முறை பால் கொடுத்து, எட்டு முறையும் சட்டை மாற்றி, அதற்கு மேல் "உன் பால் சரியில்லை" என்ற பேச்சையும் கேட்டுக் கொள்ளும் தாய்மார்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இளையவன் பத்து மாதம் வரை கக்கிக் கொண்டே வளர்ந்தவன். அந்த நாள்களில் மருத்துவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்து கொண்டதை உங்களோடு பகிர்ந்து கொள்ள வந்திருக்கிறேன்.

ஏன் கக்குகிறது?

உணவுக் குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உள்ளே போன உணவு மேலே வராமல் காக்கும் கதவு என்று அதைச் சொல்லலாம். கைக்குழந்தைக்கு அந்தக் கதவு அடிக்கடி தளர்ந்து திறந்து கொள்கிறது. குழந்தை நாள் முழுவதும் படுத்தே இருக்கிறது, அதன் உணவும் நீராகவே இருக்கிறது. ஆகவே பால் எளிதில் மேலே ஏறி வருகிறது. இதைத்தான் எதுக்களித்தல் என்கிறோம்.

பெரும்பாலும் பிறந்து இரண்டு மாதத்திற்குள் இது தொடங்கும். நான்கு மாதத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். அந்த வயதில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் நாளுக்கு ஒரு முறையாவது கக்குகின்றன. உட்காரவும் கெட்டியான உணவு உண்ணவும் பழகும்போது கக்கல் குறைந்து விடும். ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது தானாகவே நின்று விடுகிறது. இதில் தாயின் பாலில் என்ன குற்றம்? அவள் கையில் என்ன குற்றம்? தசை முதிர வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். அவ்வளவுதான்.

எதைப் பார்த்து அறிவது?

கக்கிய பாலின் அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இரண்டு தேக்கரண்டிப் பாலை எடுத்து ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். குடித்ததெல்லாம் வெளியே வந்து விட்டது போலத் தெரியும். நாம் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று எடை, மற்றொன்று ஈரத் துணி.

முதல் மூன்று மாதங்களில் குழந்தை வாரத்திற்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் வரை ஏற வேண்டும். முதல் வாரம் கழிந்த பிறகு நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எடைக் கோடு இருக்கிறது. ஒரு நாள் எடையை விட, அந்தக் கோடு போகும் போக்குதான் முக்கியம். குழந்தை கக்குகிறது, ஆனால் சிரிக்கிறது, எடையும் ஏறுகிறது என்றால் துணியைத் துவைப்பதுதான் நம் வேலை.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. வாந்தி பச்சை நிறமாக இருந்தால், அதில் இரத்தமோ காப்பித் தூள் போன்ற துகளோ இருந்தால், வயிறு வீங்கிக் கெட்டியாக இருந்தால், உச்சிக் குழி புடைத்திருந்தால், காய்ச்சலோடு குழந்தை துவண்டு போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ 999 எண்ணை அழையுங்கள்.

பிறந்து இரண்டு முதல் எட்டு வாரத்திற்குள் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் வாந்தி தூரமாகப் பீய்ச்சி அடித்தால், இரைப்பையின் கீழ்வாய் அடைபட்டிருக்கலாம். ஆண் குழந்தைகளிடம், அதிலும் தலைப்பிள்ளையிடம் இது அதிகம். சிறிய அறுவைச் சிகிச்சையால் சரியாகி விடும். ஆனால் அன்றே காட்ட வேண்டும். மலத்தில் இரத்தம் போவது, எடை ஏறாமல் நிற்பது, ஆறு மாதத்திற்குப் பிறகு புதிதாகக் கக்கத் தொடங்குவது, ஒரு வயது தாண்டியும் நிற்காதது ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக் கூடியவை

முதலில், ஒரே நேரத்தில் நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மாவுப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் போதும். ஐந்து கிலோ குழந்தைக்கு 750. கக்கி விட்டதே என்று உடனே இன்னொரு போத்தல் கலக்கிக் கொடுத்தால் அதையும் கக்கும். மாவைக் கூட்டியோ குறைத்தோ கலக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று தாதியிடம் ஒரு முறை காட்டுங்கள். சரியாகக் கவ்வாத குழந்தை பாலோடு காற்றையும் விழுங்கும்.

இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் எடுங்கள். குடித்த பிறகு 20, 30 நிமிடம் நிமிர்த்தி வைத்துக் கொள்ளுங்கள். நெப்பியை வயிற்றில் இறுக்கிக் கட்டாதீர்கள். பால் குடித்தவுடன் கால்களைத் தூக்கி நெப்பி மாற்றுவதையும் தவிர்க்கலாம்.

தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க, தட்டையான, உறுதியான மெத்தையில்தான் படுக்க வைக்க வேண்டும். கக்கும் குழந்தைக்கும் இதுதான் விதி. "மல்லாக்கப் படுத்தால் புரையேறி விடுமே" என்று பாட்டிமார் பயப்படுவது இயல்பு. ஆனால் மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக் குழாய் மேலேயும் உணவுக் குழாய் கீழேயும் இருக்கின்றன. மேலே வரும் பால் எளிதில் மூச்சுக் குழாய்க்குள் போகாது. குப்புறப் படுக்க வைத்தால் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் ஆபத்து கூடுகிறது. தலையணை வைத்துச் சாய்ப்பதும் ஆபத்துதான். 10 பாகைக்கு மேல் சாய்ந்த தூங்கு படுக்கைகளின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்தது. நம் வீடுகளில் ஸ்பிரிங் மாட்டிய சேலைத் தொட்டில் உண்டு. அதில் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டும். வயிறும் அமுங்கும், மூச்சும் சிரமப்படும். அழுகையை அமர்த்த மடியில் போட்டு ஆட்டுங்கள். தூங்கிய பிறகு கட்டிலுக்கு மாற்றி விடுங்கள்.

பாசத்தோடு செய்யும் தவறான வைத்தியம்

குழந்தை விடாமல் அழுதால் "மாந்தம்" என்பார்கள், "உரம் விழுந்திருக்கிறது" என்பார்கள். துணியில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள். குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பார்கள். பெரியவர்களின் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வயிறு நிறையப் பால் இருக்கும் குழந்தையை உருட்டினால் பால் மேலேதான் வரும். தொண்டையில் விரல் பட்டால் வாந்திதான் வரும், புண்ணும் ஆகும்.

வசம்பு, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் கக்கலை நிறுத்துவதில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கிருமி நஞ்சு அதன் வழியாக உண்டாகலாம். "கெட்டியாகக் கொடுத்தால் வயிற்றில் நிற்கும்" என்று மூன்று மாதத்திலேயே போத்தலில் நெஸ்தம் கலந்து கொடுப்பதும் உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லி வருகிறது. பாலைக் கெட்டியாக்க வேண்டிய குழந்தையும் உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்தும் மாற்றுப் பாலும்

கிளினிக்கில் மருந்து எழுதிக் கொடுக்கவில்லை என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து கக்கலைக் குறைக்காது, கக்கும் பாலின் புளிப்பைத்தான் குறைக்கும். அதோடு வயிற்று, நெஞ்சுத் தொற்றுகள் வரும் வாய்ப்பையும் கூட்டலாம். நன்றாக வளரும் குழந்தைக்கு அது தேவையில்லை. மூத்த பிள்ளைக்கு வாங்கிய மருந்து அலமாரியில் இருந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு காலத்தில் குழந்தைகளுக்குப் பரவலாகக் கொடுத்து வந்த ரானிடிடின் மருந்தைச் சந்தையிலிருந்து மீட்டுக் கொள்ளும்படி 2020இல் அமெரிக்க அரசு நிறுவனங்களைக் கேட்டுக் கொண்டது.

சில குழந்தைகளுக்கு மாட்டுப் பால் புரதம் ஒவ்வாது. கக்கலோடு தோலில் சிரங்கு, மலத்தில் சளி அல்லது இரத்தம் இருந்தால் மருத்துவர் அதைச் சந்தேகிப்பார். இரண்டு முதல் நான்கு வாரம் வேறு வகை மாவுப்பாலைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். தாய்ப்பால் கொடுப்பவர் பாலை நிறுத்த வேண்டியதில்லை, தம் உணவிலிருந்து மாட்டுப் பாலை நீக்கினால் போதும். மைலோ, தே தாரிக் இரண்டிலும் மாட்டுப் பால் உண்டு என்பதை மறந்து விடாதீர்கள். ஆட்டுப் பால் இதற்கு மாற்று ஆகாது. மாட்டுப் பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் ஒவ்வாது.

குடிக்க மறுக்கும் குழந்தை

கக்குவதை விடக் கடினமானது இது. போத்தலைக் கண்டதும் முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பி, வீறிட்டு அழும். பால் மேலே வந்து தொண்டை எரிந்த நினைவு அதற்கு. வயிறு நிறையட்டுமே என்று கையைப் பிடித்துக் கொண்டு வாயில் திணித்தால், அடுத்த முறை போத்தலைத் தூரத்தில் பார்த்தாலே அழும்.

முகத்தைத் திருப்பினால் நிறுத்துங்கள். சற்று நேரம் கழித்து, சத்தம் இல்லாத இடத்தில், குழந்தை அமைதியாக இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள். ஒரு வேளைக்கு அரை மணி நேரத்திற்கு மேல் போராட வேண்டாம். போத்தல் காம்பின் துளை பெரிதாக இருந்து பால் வேகமாக வருகிறதா என்றும் பாருங்கள். குடிக்கும்போதெல்லாம் இருமல், புரையேறுதல், மூச்சில் கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால் விழுங்குவதிலேயே சிக்கல் இருக்கலாம். அதைப் பரிசோதிப்பவர்கள் மருத்துவமனையில் இருக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள். பேச்சே வராத குழந்தைக்குப் பேச்சுச் சிகிச்சையா என்று வியக்காதீர்கள். வாய், நாக்கு, தொண்டை மூன்றும் அவர்கள் துறை.

தாயை யார் பார்ப்பது?

நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் கக்கல் உச்சத்தை நெருங்கும் நேரத்தில்தான் தாய் வேலைக்குத் திரும்புகிறாள். இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் குழந்தையைப் பராமரிப்பாளரிடம் விட்டு விட்டு ஓடுகிறாள். பராமரிப்பாளரிடம் எவ்வளவு பால், எவ்வளவு நேரம் நிமிர்த்தி வைப்பது, எப்படிப் படுக்க வைப்பது என்பதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. தாளில் எழுதிக் கொடுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அதே சட்டம் உங்களுக்கும் ஏழு நாள் விடுப்பு தந்திருக்கிறது. அந்த ஏழு நாளோடு உங்கள் கடமை முடிந்து விடவில்லை. பால் கொடுப்பது தாயாக இருந்தாலும், ஏப்பம் எடுப்பதும் அரை மணி நேரம் நிமிர்த்தித் தூக்கி வைத்திருப்பதும் நீங்கள் செய்யக் கூடிய வேலை. இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரம் அவள் தூங்கினால், மறுநாள் அவள் வேறு மனுஷியாக எழுந்திருப்பாள்.

ஓயாத அழுகை யாரையும் எல்லைக்குத் தள்ளும். அந்த நொடியில் குழந்தையைப் பிடித்து உலுக்கி விடக் கூடாது. உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். மல்லாக்கக் கட்டிலில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி விட்டு, ஐந்து நிமிடம் வெளியே வாருங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

தாய் இரண்டு வாரத்திற்கு மேல் காரணமில்லாமல் அழுதால், பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால், தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்து விடுவோமோ என்று பயந்தால், அது திமிர் அல்ல, நோய். பத்தே கேள்விகளில் அதைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கிளினிக்கில் கேளுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் இருக்கிறார்கள்.

மாமியார்களே, அம்மாக்களே, பக்கத்து வீட்டு அத்தைமார்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கக்கும் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் "ஏன் பிள்ளை இப்படி இளைத்துப் போச்சு?" என்று கேட்காதீர்கள். "கொடும்மா, கொஞ்ச நேரம் நான் தூக்கி வைத்துக் கொள்கிறேன், நீ போய்ப் படு" என்று சொல்லுங்கள். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத உதவி அது.