பாபிலோன் ஆற்றங்கரையிலிருந்து: புலம்பெயர்ந்த யூதக் கவிஞர்களின் பாடல்களில் திருமறைப் பொருள்கள்



நிலத்தை இழந்த மக்கள் ஒரு நூலையே நிலமாகக் கொண்டு வாழ்ந்த வரலாறு யூத மக்களின் வரலாறு. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர், கோயில் எரிந்தது, மக்களில் ஒரு பகுதியினர் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீண்டும் கட்டப்பட்ட கோயிலை கி.பி. 70இல் உரோமானியர் தகர்த்தனர். அரசும் கோயிலும் போயின. எஞ்சியது எழுத்து. பாரிசில் வாழ்ந்த ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிக் ஹைனே, திருமறையை யூதர் கையோடு எடுத்துச் செல்லும் தாயகம் என்ற கருத்தில் குறிப்பிட்டார். அத்தாயகத்திற்குள் புலம்பெயர்ந்த கவிஞர்கள் எவ்வாறு குடியிருந்தனர், எப்போது அதன் கதவுகளைச் சினத்தோடு தட்டினர் என்பதே இவ்வுரையின் பொருள்.

புலம்பெயர்வுக் கவிதைக்குத் திருமறையிலேயே இரண்டு ஊற்றுக்கண்கள் உள்ளன. ஒன்று 137ஆம் திருப்பாடல். பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்திருக்கும் சிறைப்பட்டோரிடம், சிறைப்படுத்தியவர்கள் சீயோனின் பாட்டைக் கேட்கின்றனர். யாழ்களை மரக்கிளைகளில் மாட்டிவிட்டு, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று அவர்கள் வினவுகின்றனர். பாட மறுப்பதைச் சொல்லும் அதுவே ஒரு பாட்டாகிவிட்டது என்பது எண்ணத்தக்கது. துயரத்தில் தொடங்கும் அப்பாடல் பகைவரின் குழந்தைகள் மீதான கொடிய சாபத்தில் முடிகிறது. வழிபாடுகளில் பலர் அவ்விறுதி அடிகளை விட்டுவிடுவது உண்டு. ஆயினும் கண்ணீரும் வஞ்சினமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்ற உண்மையை மறைக்காமல் வைத்திருக்கிறது மூலநூல்.

மற்றொன்று புலம்பல் என்னும் சிறுநூல். ஐந்து பாடல்கள் கொண்ட அந்நூலில் முதல் நான்கும் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துகளை முறையே முதலெழுத்தாகக் கொண்டு அமைந்தவை. மூன்றாம் பாடலில் ஒவ்வோர் எழுத்திற்கும் மும்மூன்று அடிகளாக 66 அடிகள் உள்ளன. ஐந்தாம் பாடலில் 22 அடிகள் இருப்பினும் எழுத்துவரிசை இல்லை. நகரம் இடிந்து கிடக்கும்போது எழுத்துகளை வரிசைப்படுத்திப் பாடிய அப்புலவரின் செயலை வெறும் சொல்விளையாட்டு எனக் கொள்ள இயலாது. குலைந்துபோன உலகில் குலையாதிருந்த ஒரே ஒழுங்கு அரிச்சுவடியே. இறுதிப் பாடலில் அதுவும் நழுவிவிடுகிறது.

இவ்விரு ஊற்றுகளும் பெருகி ஓடிய இடைக்கால நிலம் முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயின். 10ஆம் நூற்றாண்டில் துனாஷ் பென் லாப்ராத் அரபு யாப்பை எபிரேயத்திற்குக் கொணர்ந்தார். அந்த யாப்பில் எழுதிய புலவர்கள் சொற்களைத் திருமறையிலிருந்தே எடுத்தனர். ஒரு தொடரை அதன் பழைய இடத்திலிருந்து பெயர்த்துப் புதிய பாட்டில் பதிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. மணிகளைப் பதிக்கும் கம்மியரின் வேலையை ஒத்தது அது. கேட்போர் திருமறையை மனப்பாடமாக அறிந்தவர்கள். ஆகவே ஒரு சொல் ஒலித்ததும் அதன் பழைய சூழலும் உடன் ஒலிக்கும். புதிய பொருளுக்கும் பழைய பொருளுக்கும் இடையே உள்ள தொலைவே கவிதையின் சுவையாகும்.

இம்மரபின் உச்சியில் நிற்பவர் யெகூதா ஹலேவி. மருத்துவர், மெய்யியலாளர், செல்வாக்கு மிக்கவர். நெஞ்சம் ஒரு திசையிலும் வாழ்வு மறு திசையிலுமாகப் பிரிந்து கிடப்பதை அவரது சீயோன் பாடல்கள் பேசுகின்றன. தீர்க்கதரிசிகள் எருசலேமைக் கைம்பெண்ணாகவும் தாயாகவும் உருவகித்தனர். ஹலேவி அந்நகரைக் காதலியாக்கி நேர்நின்று வினவினார். அரபுக் காதற்பாட்டில், காதலி பாளையம் இறங்கியிருந்த பாழ்நிலத்தைக் கண்டு தலைவன் கலங்குவது ஒரு மரபு. அம்மரபையும் திருமறையின் பாழடைந்த நகரத்தையும் அவர் ஒன்றாக்கினார்.

மற்றவர் கவிதையில் மட்டும் சென்ற வழியில் ஹலேவி உடலாலும் சென்றார். முதிய வயதில் ஸ்பெயினை விட்டுப் புறப்பட்டு 1140 செப்டம்பரில் அலெக்சாந்திரியாவை அடைந்தார். 1141 மே மாதம் அங்கிருந்து கப்பலேறினார். அவ்வாண்டுக் கோடையிலேயே மறைந்தார். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்துச் சுவடிக் குவியலில் கிடைத்த கடிதங்கள், அவற்றுள் அவர் தம் கையால் எழுதியவையும், இச்செய்திகளைத் தெளிவாக்கின. அக்கடிதங்களைப் பேணிய நண்பர் ஹல்ஃபோன், இந்தியாவரை வணிகம் செய்தவர். எருசலேமின் வாயிலில் தம் சீயோன் பாடலைப் பாடிக்கொண்டிருந்தபோது குதிரைவீரன் ஒருவனால் ஹலேவி கொல்லப்பட்டார் என்பது பிற்காலத்தில் எழுந்த கதை. அவர் கப்பலேறிய காலத்தில் எருசலேம் சிலுவைப் போராளிகளின் கையில் இருந்தது. கதை உண்மையாகாவிட்டாலும் அது ஏன் பிறந்தது என்பது தெளிவு. பாட்டு சென்று சேர்ந்த இடத்திற்குப் பாட்டுடையவரும் சென்று சேர வேண்டும் என மக்கள் விரும்பினர்.

எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கதையைக் கையில் எடுத்தவர் ஹைனே. 1825இல் கிறித்தவத் திருமுழுக்குப் பெற்று, 1831இல் பாரிசுக்குப் பெயர்ந்து, 1848 முதல் படுக்கையிலேயே கிடந்தவர் அவர். 1851இல் வெளிவந்த ‘ரொமான்செரோ’ தொகுப்பின் இறுதிப் பகுதிக்கு ‘எபிரேயப் பண்கள்’ என்று பெயரிட்டு, அதில் ஹலேவியைப் பற்றி நெடும்பாடல் ஒன்றை அமைத்தார். 137ஆம் திருப்பாடலின் எதிரொலி அதில் உண்டு, கேலியும் உண்டு. விட்டுவந்த சமயத்தின் நூலுக்கு நோய்ப்படுக்கையில் திரும்பிய ஒருவர், முழுமையாகத் திரும்ப இயலாமையை நகைப்பால் மூடுகிறார். திருமறைப் பொருளைப் பாடுவதற்கு ஐயமற்ற நம்பிக்கை வேண்டும் என்பதில்லை. ஹைனே அதற்குச் சான்று.

இருபதாம் நூற்றாண்டிற்கு வரும்போது எல்சே லாஸ்கர்-ஷூலர் எதிர்ப்படுகிறார். 1869இல் பிறந்த அவர் 1913இல் ‘எபிரேயக் கதைப்பாடல்கள்’ என்ற சிறுநூலை வெளியிட்டார். ஆபிரகாம், யாக்கோபு, ரூத்து, எஸ்தர் ஆகியோர் அதில் உறவினர் போல நடமாடுகின்றனர். உடன்பிறந்தாரால் விற்கப்பட்டு, அயல்நாட்டில் கனவுகளுக்குப் பொருள் சொல்லி உயர்ந்த யோசேப்பைத் தம் மறுவடிவாகவே அவர் கொண்டார். ‘தீப்ஸ் இளவரசர் யூசுப்’ என்று கையொப்பமும் இட்டார். 1932இல் ஜெர்மனியின் கிளைஸ்ட் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1933இல் அந்நாட்டை விட்டுச் சூரிக்குக்கு ஓட வேண்டியதாயிற்று. விளையாட்டாகப் புனைந்த யோசேப்பு வேடம் மெய்யாகிவிட்டது.

1939இல் பாலஸ்தீனம் சென்றவர் சுவிட்சர்லாந்து திரும்ப முடியாமல் எருசலேமில் தங்கினார். ஹலேவி ஏங்கிய நகரம் அது. அங்கும் அவர் புலம்பெயர்ந்தவராகவே வாழ்ந்தார். ஏனெனில் அவர் எழுதிய மொழி ஜெர்மன். பகைவரின் மொழியாகக் கருதப்பட்ட அம்மொழியில் ‘என் நீலப் பியானோ’ என்னும் இறுதித் தொகுப்பு 1943இல் எருசலேமிலேயே 330 படிகள் அச்சாயிற்று. 1945 ஜனவரி 22இல் அவர் மறைந்தார். ஒலிவ மலையில் அடக்கம் செய்யப்பட்டார். திருமறையின் நிலத்தை அடைந்தவர்க்கும் புலம்பெயர்வு முடிவதில்லை, அது நிலத்திலிருந்து மொழிக்கு இடம் மாறுகிறது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

இவ்விடத்தில் ஒரு மொழிபெயர்ப்பின் கதையையும் சொல்ல வேண்டும். 1925இல் மார்ட்டின் பூபரும் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் எபிரேயத் திருமறையை ஜெர்மனில் புதிதாகப் பெயர்க்கத் தொடங்கினர். எபிரேய மூச்சின் ஒலி ஜெர்மன் காதில் விழ வேண்டும் என்பது அவர்களது நோக்கம். ரோசன்ஸ்வைக் 1929இல் இறந்தார். பூபர் தனியே தொடர்ந்து எருசலேமில் 1961 அளவில் பணியை முடித்தார். அவ்விழாவில் அறிஞர் கெர்ஷோம் ஷோலெம், விருந்தினர் வீட்டாருக்குத் தரும் பரிசாகத் தொடங்கிய இம்மொழிபெயர்ப்பு இப்போது ஒரு கல்லறைக் கல்லாகிவிட்டது என்னும் கருத்தில் பேசினார். யாருக்காகப் பெயர்க்கப்பட்டதோ அந்த ஜெர்மன் யூத மக்களே இல்லை. 1945க்குப் பின் திருமறைப் பொருளை ஜெர்மனில் பாடிய ஒவ்வொரு யூதக் கவிஞரும் அக்கல்லின் முன் நின்றே பாடினார்.

அவர்களுள் முதன்மையானவர் நெல்லி சாக்ஸ். 1891இல் பெர்லினில் பிறந்தவர். நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லோஃப் உள்ளிட்டோரின் உதவியால் 1940 மே மாதம் தாயுடன் விமானமேறி ஸ்டாக்ஹோம் சேர்ந்தார். அவர் வந்து சேருமுன்பே, அவ்வாண்டு மார்ச்சில், லாகர்லோஃப் மறைந்துவிட்டார். ஸ்வீடிஷ் கவிதைகளை மொழிபெயர்த்துப் பிழைத்த அவ்வம்மையார், 1947இல் ‘மரணத்தின் உறைவிடங்களில்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். வதைமுகாம்களின் புகைபோக்கிகளைப் பாடும் அதன் முதற்கவிதைக்கு முகப்பாக யோபு நூலின் ஓர் அடி வைக்கப்பட்டுள்ளது. தோல் அழிந்தபின்னும் இறைவனைக் காண்பேன் என யோபு நம்பிக்கை கொள்ளும் இடம் அது. உடலே புகையாகிப் போனவர்களைப் பாடும் கவிதையின் தலையில் அந்த நம்பிக்கை நிற்கிறது. அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று கவிதை கூறுவதில்லை. இரண்டுமாகவே அது நிற்கிறது.

1949இல் வந்த ‘விண்மீன்கள் இருளுதல்’ தொகுப்பில் ஆபிரகாம், யாக்கோபு, யோபு, தாவீது ஆகியோர் தனித்தனிக் கவிதைகளில் வருகின்றனர். சாக்ஸின் யாக்கோபு, தூதனோடு இரவெல்லாம் போராடித் தொடைச்சந்து பிசகியவன். வாழ்த்தையும் ஊனத்தையும் ஒரே கையிலிருந்து பெற்றவன். அந்த நொண்டல் நடையே தம் மக்களின் நடை என அவர் கண்டார். தீர்க்கதரிசிகள் இரவின் கதவுகளை உடைத்துக்கொண்டு வந்தால் அவர்களைக் கேட்கச் செவி உண்டா என்று மற்றொரு கவிதை வினவுகிறது. பழைய தீர்க்கதரிசிகள் மக்களைக் குறைகூறினர். சாக்ஸ் செவிகளைக் குறைகூறினார்.

பால் செலான் வேறு வழி சென்றவர். 1920இல், அப்போது ருமேனியாவிலும் இன்று உக்ரைனிலும் உள்ள செர்னோவிட்சில் பிறந்தார். 1942இல் நாடு கடத்தப்பட்ட அவர் பெற்றோர் இருவரும் முகாமில் மாண்டனர். 1948 முதல் பாரிசில் வாழ்ந்து, தாயின் மொழியும் தாயைக் கொன்றோரின் மொழியுமான ஜெர்மனிலேயே எழுதினார். அவருடைய ‘மரண ஃபூக்’ கவிதையில் உன்னதப்பாட்டின் சூலமித்தி வருகிறாள். கூந்தலழகு பாடப்பெற்ற அம்மங்கையின் தலைமயிர் சாம்பலாகியிருக்கிறது. அவளுக்கு எதிரே நிற்பவள் கெதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்து மார்கரெத். இரு மரபுகளின் காதல் தலைவியர் ஒரே பாட்டில் நின்றும் ஒன்றாவதில்லை. ஜெர்மன் – யூத உறவின் வரலாறு முழுவதும் அவ்விரு பெயர்களில் அடங்கிவிடுகிறது.

1963இல் வெளிவந்த ‘யாருமற்றவனின் ரோஜா’ தொகுப்பில் ‘திருப்பாடல்’ என்றே ஒரு கவிதை உண்டு. திருப்பாடலுக்குரிய விளிப்பும் போற்றுதலும் அதில் அப்படியே உள்ளன. ஆனால் விளிக்கப்படுபவர் ‘யாருமில்லை’ என்பவர். மண்ணைப் பிசைந்து மனிதனை உண்டாக்கிய தொடக்கநூல் நிகழ்ச்சி அங்கே மறுக்கப்படுகிறது. இது இறைமறுப்பு என்பாரும் உண்டு. பெயரிட இயலாத இறைவனைப் பற்றிய யூத மறைஞானத்தின் தொடர்ச்சி என்பாரும் உண்டு. ஒன்று மட்டும் உறுதி: வெற்றிடத்தை நோக்கியும் அவர் ‘நீ’ என்று விளிப்பதை விட்டுவிடவில்லை. திருப்பாடலின் உயிர் அந்த விளிப்பில்தான் இருக்கிறது.

சாக்ஸும் செலானும் 1960 மே மாதம் சூரிக் நகரில் ஒரு விடுதியில் சந்தித்தனர். ஜெர்மனியில் வழங்கப்படும் பரிசொன்றைப் பெற வந்த சாக்ஸ், அம்மண்ணில் இரவு தங்க மனமின்றிச் சூரிக்கில் தங்கியிருந்தார். உரையாடல் இறைவனைப் பற்றியது. சாக்ஸ் நம்பிக்கையுடையவர், செலான் அவ்விறைவனோடு வழக்காடுபவர். அச்சந்திப்பைச் செலான் பின்னர் ஒரு கவிதையாக்கி அவருக்கே உரிமையாக்கினார். கருத்து வேற்றுமை தீராமலே இருவரும் உடன்பிறந்தார் போலக் கடிதம் எழுதிக்கொண்டனர். 1966இல் சாக்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1970 வசந்தத்தில் செலான் சேன் ஆற்றில் உயிரை விட்டார். அவர் அடக்கம் செய்யப்பட்ட மே 12ஆம் நாளே ஸ்டாக்ஹோமில் சாக்ஸ் மறைந்தார்.

நம்பியவர்க்கும் வழக்காடியவர்க்கும் நூல் ஒன்றாகவே இருந்தது என்பது கருதத்தக்கது. யோபு நூலில் இறைவனுக்காகப் பரிந்து பேசிய நண்பர்களே இறுதியில் கடிந்துகொள்ளப்படுகின்றனர். இறைவனையே வழக்கிற்கு அழைத்த யோபுவின் பேச்சு ஏற்கப்படுகிறது. ஆகவே வழக்காடுவதும் அத்திருமறைக்குள் அடங்கிய ஒரு வழிபாடே. புலம்பெயர்ந்த கவிஞர் திருமறையிலிருந்து பெற்ற பெருங்கொடை இந்த உரிமை. உவமைகளும் பெயர்களும் அதற்குப் பின்னரே வருவன.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியும் இதில் உண்டு. பழைய நூலின் பெயர்களை எடுத்துப் பாட்டில் வைப்பது எளிது. அப்பெயர் வந்தவுடன் பாட்டுக்குப் பெருமை சேரும் என்று எண்ணினால் அது அணிகலனாய் நின்றுவிடும். பழைய சொல் புதிய துன்பத்தின் முன் நிறுத்தப்பட்டு, ‘இதற்கு நீ விடை கூறு’ என்று கேட்கப்படும்போதுதான் உயிர் பெறுகிறது. ஹலேவி கேட்டார், சாக்ஸ் கேட்டார், செலான் விடை வாராது என்றறிந்தும் கேட்டார்.

கோயில் அழிந்ததை நினைவுகூரும் ஆப் மாத ஒன்பதாம் நாளில், யூதர்கள் தொழுகைக் கூடங்களில் தாழ அமர்ந்து புலம்பல் நூலை ஓதுகின்றனர். அந்நாளின் இரங்கற்பாக்களுள் ஹலேவியின் சீயோன் பாடலும் இன்றுவரை ஓதப்பட்டு வருகிறது. திருமறையைக் கொண்டு பாடிய புலவரின் பாட்டு, திருமறைக்கு அருகிலேயே இடம் பெற்றுவிட்டது.