மலைநாட்டுத் தோட்டப் பள்ளிகள்



இலங்கையின் மத்திய மலைநாட்டிலே இரயில் பாதை 1885ஆம் ஆண்டிலேயே நானுஓயாவை எட்டிவிட்டது. பாறையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளைக் கடந்து, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை வழியாகப் பொறியியல் வல்லுநர் அதனைக் கொண்டுசென்றனர். தோட்டத்து விளைபொருள் தாமதமின்றிக் கொழும்புத் துறைமுகத்தை அடைய வேண்டும் என்பதே அவர்தம் கணக்கு. அந்தக் கணக்கிலே கொழுந்து பறிப்பவரின் குழந்தைக்கு இடம் எங்கே?

அக்குழந்தையைச் சட்டம் கருத்தில் கொண்டதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்துதரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. ஆயின் எழுந்தவை பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்ட சிறு பள்ளிகளே. தாயும் தந்தையும் விடியற்காலைப் பிரட்டுக்குப் புறப்பட்டபின், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை லயத்திலேயே நின்றுவிடும். சற்று வளர்ந்த பிள்ளையோ கூலி வேலைக்குப் போய்விடும்.

1945ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதும் இலவசக் கல்வி மலர்ந்தது. கிராமத்து ஏழைச் சிறுவன் அதனால் பல்கலைக்கழகம் வரை ஏறினான். தோட்டப் பள்ளிகளோ நிர்வாகத்தின் கையிலேயே தங்கிவிட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் அதனைத் தொடர்ந்து பறிபோயிற்று. வாக்கில்லாதவரின் பள்ளிக்காக வாதாட யார் வருவார்? கல்விப் பின்னடைவின் வேர் சோம்பலிலோ அறியாமையிலோ இல்லை. இந்த உரிமையிழப்பிலேதான் இருந்தது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பள்ளிகளும் அரசின் கீழ் வந்தன. அதன்பின்னரே பிறநாட்டு நிபுணர்களின் கண்ணும் இப்பள்ளிகள்மேல் விழுந்தது. 1980களிலே சுவீடன் நாட்டு உதவி வந்தது. கட்டடங்கள் எழுந்தன, தளபாடங்கள் வந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது.

ஆயினும் சுவரும் கூரையும் மட்டும் பள்ளியாகிவிடா. வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியர், குளிரையும் தூரத்தையும் கண்டு மாற்றம் கேட்பது இயல்பே. அவர் போனபின் வகுப்பு வெறுமையாகும். இந்நோய்க்கு மருந்தாக அமைந்ததுதான் கொட்டகலையை அடுத்த பத்தனையிலே ஜெர்மன் நாட்டு உதவியோடு உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. மலைநாட்டு இளைஞரே பயிற்சி பெற்று மலைநாட்டுப் பள்ளிக்குத் திரும்ப அது வழி திறந்தது. லயத்திலே பிறந்த பெண், தன் தாய் கொழுந்துக் கூடை சுமந்த மலையிலேயே ஆசிரியையாக நிற்பதைக் காணும் சிறுமிக்கு, கல்வி எட்டாத பொருளன்று என்பது எவரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

திட்டம் தீட்டும் அறிஞர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. பணமும் பொறியியலும் வெளியிலிருந்து வரலாம். ஆசிரியர் அம்மண்ணிலிருந்தே முளைக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து தடுப்பது கட்டடக் குறையா, கைக்குழந்தைக் காவலா, நெடுந்தூர நடையா என்று லயத்துத் தாயிடமே கேட்டறிதல் வேண்டும்.

பணி இன்னும் முடிந்தபாடில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமைக்கு வழிசெய்தது. எனினும் உயர்தர வகுப்பிலே கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கப் போதிய ஆசிரியரின்றித் தோட்டப்புறப் பள்ளிகள் பல இடர்ப்படுகின்றன. மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வரவேண்டிய பிள்ளைகளின் வழி அங்கேதான் அடைபடுகிறது. தேயிலைக்காக மலையைக் குடைந்த அறிவு, அவ்வழியைத் திறக்க முன்வருமாயின், அதுவே உண்மையான அபிவிருத்தி எனலாம்.