கழுந்தும் துளையும்

நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை இடமும் வலமுமாக அசைந்து பாருங்கள். ‘கிறீச்’ என்கிறதா? கவலை வேண்டாம். அது இன்னும் பல காலம் உழைக்கலாம். முனகாமல் இருந்துவிட்டு ஒருநாள் மடாரென்று சரிகிற நாற்காலிகளிடம்தான் எனக்குப் பயம்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலி ஒன்று போன வருஷம் ஆடத் தொடங்கியது. இரண்டு ஆணி அடித்துவிடலாம் என்று சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, கதவு சரிபார்க்க ஆசாரி வந்திருந்தார். “ஆணி அடிச்சா இன்னைக்கு நிக்கும் சார், அடுத்த வருஷம் கால் பிளந்துக்கும்” என்று சொல்லி வெந்நீர் கேட்டார். துணியை நனைத்து மூட்டுகளில் சுற்றிவைத்தார். ஒரு காபி குடித்தார். பிறகு கொட்டாப்புளியால் லேசாகத் தட்டித் தட்டி, நாற்காலி முழுவதையும் துண்டு துண்டாகத் திண்ணையில் பரப்பிவிட்டார். ஒரு துண்டும் உடையவில்லை.

அதற்குக் காரணம் வஜ்ஜிரம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பழைய பசை. சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகிவிடும். கேட்க அது குறை மாதிரி இருக்கும். ஆனால் இளகுவதால்தானே பிரிக்க முடிகிறது! இன்று கிடைக்கும் வெள்ளைப் பசை பிடித்தால் எளிதில் விடாது. பிரிக்கப் போனால் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். கடையில் “கெட்டியா ஒட்டியிருக்கு” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: பழுதானால் இதைப் பிரிக்க வருமா?

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் ‘14ஆம் எண்’ என்று ஒரு நாற்காலி கொண்டுவந்தது. பீச் மரத்தை நீராவியில் வளைத்துச் செய்தது. 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 மரைகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறி உலகமெல்லாம் போனது. கழன்றால் முடுக்கிக்கொள்ளலாம்; ஒரு கால் போனால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம்.

சரி, மரத்துக்கு வருவோம். “தேக்கு” என்று சொன்னதுமே பாதிப் பேர் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். எந்தத் தேக்கு என்பதுதான் சங்கதி. மரத்தின் நடுவில் பொன்னிறமாக இருப்பது வைரம். பட்டைக்கு அடுத்தாற்போல் வெளுத்திருப்பது வெள்ளை. எண்ணெய்ப்பசையும் கரையானை விரட்டும் சத்தும் வைரத்தில்தான். வயதான திடகாத்திரரை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று சும்மாவா சொன்னார்கள்? மலபார் கலெக்டராக இருந்த கானலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அதில் மிஞ்சிய மரங்கள் இன்றும் நிற்கின்றன. அப்படிப்பட்ட முதிர்ந்த மரத்தையும், அவசரமாக வளர்த்து வெட்டிய இளமரத்தையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். இளசில் வெள்ளை அதிகம். பாலிஷ் போட்டு நிறத்தைச் சமன்செய்துவிடுவார்கள். அதனால் முகத்தைப் பார்க்காதீர்கள். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். இழுப்பறையை உருவி அதன் முதுகைப் பாருங்கள். பாலிஷ் போகாத இடம் பொய் சொல்லாது. ஊசித்துளையும் அதனடியில் மாவுபோல் தூளும் இருந்தால் உளு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிடித்த இடமும் வெள்ளைதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகளுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே இன்னொன்றும் கவனிக்கலாம். பழைய பீரோக் கதவை ஆட்டினால் நடுப்பலகை சற்றே அசையும். அது கோளாறு அல்ல. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் சித்திரையில் சுருங்கி ஐப்பசியில் உப்பும். அந்த விளையாட்டுக்கு இடம் விட்டுத்தான் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் சொருகியிருப்பார்கள். ‘ஆடுகிறதே’ என்று பசை ஊற்றினீர்களானால் அடுத்த கோடையில் பலகை நடுவே வாய்பிளக்கும். மழைநாளில் சிக்குகிற இழுப்பறையையும் அவசரப்பட்டு இழைத்துவிடாதீர்கள். மெழுகுவத்தியால் தேய்த்துவிட்டுத் தை பிறக்கும்வரை பொறுத்திருங்கள்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வீடு துடைக்கிற ஈரம் நாலு முறை ஏறினால் அடி ஊதும், கழற்றிய திருகாணி மறுபடி பிடிக்காது. வாடகை வீட்டுக்கு, மூன்று வருஷத்துக்கு, சரி.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பழைய பாலிஷில் சூடான டபரா வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் மேலாக ஒருமுறை வருடினால் பெரும்பாலும் மறைந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் பாலிஷே வந்துவிடும், ஜாக்கிரதை.

பிரம்புக்குத்தான் கொஞ்சம் கரிசனம் தேவை. உட்காரும் இடம் தொய்ந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால் நன்றாக ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். பிரம்பு இறுகிக்கொள்ளும். அறுந்துவிட்டால் பின்னத்தான் வேண்டும். நெட்டில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு ஓட்டம்; கடைசியில் ஓரக்கட்டு. பார்வையற்றோர் பள்ளிகளில் கற்றுக்கொடுத்த தொழில் இது. எங்கள் நாற்காலியைப் பின்னியவரும் அப்படிக் கற்றவர்தான். ஓட்டம் முடிந்ததும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். மேளத்தைத் தட்டினாற்போல் கேட்டது. ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறியது. அதை அவிழ்த்துத் திரும்ப இழுத்தார்.

பின்னலுக்குப் போகும் முன்பே சட்டத்தைக் கூட்டியாகிவிட்டது. அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு கழுந்திலும், அதாவது செதுக்கிய முனையிலும், அது போய்ச் சேரும் துளையின் ஓரத்திலும் உளியால் சின்னக் கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று. எது எதோடு சேரும் என்று, முதலில் செய்தவர் போட்டுவைத்த அடையாளம். எங்கள் ஆசாரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்று கோட்டுக் கழுந்தை எடுத்தார், மூன்று கோட்டுத் துளையில் வைத்துத் தட்டினார். உட்கார்ந்துகொண்டது.