மூத்த மகனையும் உள்ளே அழைப்போம்



1853ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அமெரிக்க ஆற்காடு மிஷன் இவ்வட்டாரச் சிற்றூர்களில் பள்ளிகளைத் திறந்தபோது, ஊர்ப் பள்ளியின் வாசல் அடைக்கப்பட்டிருந்த நம் முன்னோர் பலர் அங்கே எழுத்தைக் கற்றனர்; எழுத்தோடு விவிலியக் கதைகளையும் கேட்டனர். ஆகவே, நம்மவர் சார்ந்த சமயம் எதுவாயினும், இக்கதைகள் நம் தெருக்களுக்குப் புதியன அல்ல. ஒடுகத்தூரில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள், மன்னிப்பையும் குடும்பப் பாசத்தையும் பிள்ளைகளுக்கு உணர்த்த இவற்றையே பெரிதும் எடுத்தாளுகிறோம். அவற்றைச் சொல்லும் முறையில் எங்களுக்கு நேர்ந்த ஒரு பிழையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகனின் கதையை நீங்கள் அறிவீர்கள். சொத்தைப் பிரித்து வாங்கிச் சென்று அழித்தவன் திரும்பி வருகிறான். தந்தை ஓடிச்சென்று அணைத்து விருந்து வைக்கிறார். விருந்தோடு கதையை முடிப்பதே எங்கள் வழக்கமாக இருந்தது. ஒரு மாலை, படிப்பை நிறுத்திவிட்டுக் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணொருத்தி, தம்பியை அழைத்துச் செல்ல வந்தவள், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “வயலிலே உழைத்த அண்ணனுக்கு ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுத்தார்களா, ஐயா?” என்றாள். நாங்கள் வாயடைத்து நின்றோம்.

அன்றிரவு அதிகாரத்தை இறுதிவரை படித்தோம். மூத்தவனும் அதையே கேட்கிறான். நண்பர்களோடு மகிழ ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தனக்குக் கிடைத்ததில்லை என்கிறான். தந்தை அவனைக் கடியவில்லை. வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். தம் உடைமை யாவும் அவனுக்குரியவை என்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை கூறவில்லை. அதனைக் கூற வேண்டியவர்கள் நாம். ஒரு பிள்ளையின் படிப்புக்காக இன்னொரு பிள்ளை தோல் ஷெட்டுக்கும் காலணிக் கம்பெனிக்கும் செல்லும் வீடுகள் நம்மிடையே பல. தவறியவனை மன்னிக்கும் குடும்பம், உழைத்தவளின் மனக்குறையையும் கேட்க வேண்டும் அன்றோ?

யோசேப்பின் வரலாறும் இத்தகையதே. பதினேழு வயதுச் சிறுவனை அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு விற்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, பஞ்சத்தில் தானியம் தேடி எகிப்துக்கு வந்த அவர்களை அவன் உடனே தழுவிக்கொள்ளவில்லை, சோதித்தான். முன்பு தம்பியை விற்கலாம் என்று சொன்ன யூதாவே, பென்யமீனுக்குப் பதிலாகத் தான் அடிமையாகிறேன் என்று முன்வந்தான். அதன் பின்னரே யோசேப்பு வாய்விட்டழுது தன்னை வெளிப்படுத்தினான். தீங்கிழைத்தவன் மனம் மாறினான்; உறவு மீண்டது.

இளைஞர்களே, மன்னிப்பு என்ற சொல்லைக் காட்டி, இழிவைப் பொறுத்துக்கொள் என்று நம் பிள்ளைகளுக்கு எவரும் போதிக்க இடம் தராதீர்கள். வரி தண்டிய சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்தான். தோல் தொழிற்கூடக் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்நெறியைச் சார்ந்ததே. பகையை நெஞ்சிலிருந்து அகற்றுவது மன்னிப்பு. உரிமையைக் கைவிடுவது மன்னிப்பாகாது. சாதிக் கொடுமைக்கு எதிராக 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடுபவன் மன்னிக்கத் தெரியாதவன் அல்லன்.

அந்தப் பெண் இப்போது ஞாயிறுதோறும் எங்களோடு அமர்ந்து தனித்தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுடைய தம்பியே நோட்டுப்புத்தகம் வாங்கித் தந்தான். கதையின் முடிவை அவ்வீடு எழுதத் தொடங்கியிருக்கிறது. உங்கள் வீடுகளிலும் வாசலில் எவரேனும் நிற்கின்றனரா என்று இன்றிரவு பார்க்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.