ஒரே உலை



போன பங்குனியில் புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டைக்குப் போயிருந்தேன். என் அப்பத்தா வாழ்ந்த ஊர். சின்ன வயதில் என்னோடு கண்மாயில் குதித்து விளையாடியவர்கள் ஐந்து பேர், இப்போது ஐந்து குடும்பங்களாக, ஒரு யோசனையோடு காத்திருந்தார்கள். ஒருவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒருத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. இன்னொருவர் திருப்பூரில் இருபது வருடம் தையல் மெஷின் ஓட்டியவர். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். ஆளுக்கொரு வீட்டில் தனியாகக் கிடப்பதை விட, ஒரு முந்திரிக்கொல்லையைப் பொதுவில் வாங்கி, சின்னதாக ஐந்து வீடு கட்டி, நடுவில் ஒரே சமையற்கட்டு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார்கள். ஐந்து பேரும் ஒரே சாதி இல்லை. அதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

"நீ அந்த மாதிரி இடத்துல இருந்து பாத்தவ. சரிப்பட்டு வருமா, சொல்லுடி" என்றாள் ஆசிரியை.

அன்றைக்கு மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

ரத்த உறவு சேர்த்து வைக்காமல், தாங்களாக முடிவெடுத்துக் கூடி வாழ்வதை நான் ஒரு கலை என்றே நினைக்கிறேன். கும்மியைப் போன்ற கலை. கும்மியில் ஒருத்திக்குத் தாளம் தப்பினால் பக்கத்தில் இருப்பவள் கையும் தப்பிவிடும். தனியாகப் பழகிக்கொண்டு வர முடியாது. வட்டத்துக்குள் நின்றுதான் பழக வேண்டும்.

தமிழர்கள் இதில் நேற்று இறங்கவில்லை. 1910-ல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியின் சத்தியாகிரகத்தில் இறங்கிய குடும்பங்கள் தங்குவதற்கு விட்டுக்கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. குஜராத்தியர், தமிழர், தெலுங்கர், வடநாட்டார் எல்லோரும் அங்கே இருந்தார்கள். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் என்று எல்லா மதமும் இருந்தது. வேலைக்காரர் கிடையாது. சொந்த வேலையாக நகரத்துக்குப் போனால் 21 மைலும் நடைதான். பொதுக்காரியம் என்றால் மட்டும் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. பிள்ளைகளுக்குக் காந்தியும் பாடம் நடத்தினார். கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்பை ஒருநாள் எட்டிப் பார்க்க எனக்கு ஆசை.

அந்தப் பண்ணையில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுப்பு. வந்தவர்களில் மாமிசம் சாப்பிடும் குடும்பங்கள் இருந்தன. கேட்டால் மறுப்பதில்லை என்று காந்தி முதலில் தமக்குள் தீர்மானித்துக்கொண்டார். அதன் பிறகுதான் அந்தப் பெண்களிடம் தம் மனசைத் திறந்து பேசினார். அவர்கள் சைவச் சமையலுக்குச் சம்மதித்தார்கள். ஒரே உலை, ஒரே பந்தி என்று ஆனது. இதைக் காந்தியின் வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பிறந்த நாள் முதல் நாக்கில் ஊறிய ருசியை விட்டுக்கொடுத்தது அவர்கள். 1913-ல் அந்தப் பண்ணை கலைந்தது. மூன்று வருடம்தான். அந்த மூன்று வருடத்தை அவர்களுடைய கைதான் தாங்கியது.

இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. இருபத்து நாலு வயதில் மலையடிவாரத்தில் ஒரு கூட்டுப் பண்ணையில் பதினான்கு மாதம் இருந்தேன். பெயர் வேண்டாம். பதினேழு பேர் இருந்தோம். காலையில் எல்லோரும் சேர்ந்து வரப்பு வெட்டுவோம். மத்தியானம் வேப்பமர நிழலில் சேர்ந்து சாப்பிடுவோம். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த ஒன்பது நாளும் ஒவ்வொரு வேளைக்கும் வேறு வேறு ஆள் கஞ்சி கொண்டுவந்தார்கள். பெற்ற தாய் பக்கத்தில் இல்லையே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நிம்மதியை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

ஆனால் பாத்திரம் இருந்தது. சமையலுக்கு முறை போட்டோம், கழுவுவதற்குப் போடவில்லை. "யாருக்குத் தோணுதோ அவங்க கழுவட்டும், நமக்குள்ள என்ன சட்டம்" என்று ஒரு நல்ல மனிதர் சொன்னார். மூன்றாவது மாதத்தில் தோன்றியதெல்லாம் பெண்களுக்கு மட்டும்தான். இரவுக் கூட்டத்தில் ஆண்கள் விதைநெல்லைப் பற்றியும் மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் நாலு பேர் கொட்டகைக்குப் பின்னால் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்திருந்தோம். அங்கே நாங்கள் பேசியதுதான் பிறகு அந்தப் பண்ணையை உடைத்தது. நாங்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களும் கெட்டவர்கள் இல்லை. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் எங்களுக்கு இருக்கவில்லை.

பந்தியில் தவறு நடந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சேரன்மாதேவியை விடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் இல்லை. 1922-ல் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் ஒன்றைக் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கினார். பிறகு அது தாமிரபரணிக் கரையிலேயே சேரன்மாதேவிக்கு மாறியது. படிப்போடு உடலுழைப்பையும் நாட்டுப்பற்றையும் பழக்கும் இடம் அது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு அதில் 5,000 கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காக, தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. விஷயம் வெளியே வந்தது. பி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். காந்தி வரைக்கும் பஞ்சாயத்துப் போனது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அந்த வருடக் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதன் பின்னணியில் இந்தக் குருகுலமும் இருந்தது. தமிழ்நாட்டு அரசியலின் நூறு வருடப் போக்கில் தனியாகப் போட்ட அந்த இரண்டு சாப்பாட்டு இலைக்கும் பங்கு உண்டு.

ஐயர் சாதாரண மனிதர் இல்லை. இலக்கியம் அறிந்தவர், துணிச்சல்காரர். பெற்றோர் இருவர் மனம் நோகக்கூடாது என்று அவர் நினைத்ததில் இரக்கமும் இருந்திருக்கலாம். ஆனாலும் பொதுப் பந்தியில் ஒருவருக்குக் காட்டும் சலுகை, உட்கார்ந்திருக்கும் மற்ற அத்தனை பேருக்கும் அவமானம். அந்த மற்றப் பிள்ளைகள் பக்கம் நின்றவர்கள் சரியாகத்தான் நின்றார்கள்.

அரசாங்கமே இந்தக் கலையில் இறங்கிய கதையும் நம்மிடம் உண்டு. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு 1997-ல் பெரியார் நினைவு சமத்துவபுரம் என்ற திட்டத்தை மு. கருணாநிதி அறிவித்தார். மறு வருடம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஓர் ஊருக்கு 100 வீடு. தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அடுத்தடுத்த வீடு ஒரே சாதிக்குப் போய்விடாதபடி கலந்து கொடுத்தார்கள். சமுதாயக்கூடம் ஒன்று, சுடுகாடும் ஒன்று. நம் கிராமங்களில் செத்த பிறகும் தனித்தனிப் பாதையில் போகிறவர்களை ஒரே மண்ணில் கொண்டுவந்து சேர்த்தது சின்னக் காரியம் இல்லை. தமிழ்நாடு முழுக்க இப்படி இருநூற்றுக்கும் மேல் கட்டினார்கள்.

அங்கே அடுப்பு தனித்தனி. வீடு வேண்டும் என்பதற்காக வந்தவர்கள் உண்டு. சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்காகவே வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இருந்தாலும் ஒரே குழாயில் குடம் வைத்து வளர்ந்த ஒரு தலைமுறை அங்கே வந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. ஒரே தண்ணீர் என்பது இன்னும் நமக்குக் கைகூடாத கலை.

ஆரோவில்லைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்குப் பக்கத்தில், 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கினார்கள். அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் கனவு அது. அப்போது அது மழை அரித்த செம்மண் பொட்டல். நம் பக்கத்துத் தரிசைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். வந்தவர்களும், குயிலாப்பாளையம் போன்ற சுற்றுக் கிராமத்து மக்களும் கரை கட்டித் தண்ணீரை நிறுத்தி, மரம் வைத்து, அதைக் காடாக்கினார்கள். நிலமும் வீடும் தனியாருக்குச் சொந்தமில்லை. 1997-ல் ஒரு பொதுச் சமையற்கூடம் கட்டினார்கள். கூரையில் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கிண்ணம். வெயிலைக் குவித்து அதில் ஆவி உண்டாக்கி ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம்.

ஆனால் 1973-ல் அன்னை மறைந்ததும் யாருக்கு அதிகாரம் என்ற சண்டை மூண்டது. நீதிமன்றம் வரை போய், கடைசியில் 1988-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 50,000 பேருக்கென்று திட்டமிட்ட நகரத்தில் இன்றைக்கும் சில ஆயிரம் பேர்தான். அண்மை வருடங்களில் சாலைக்காக மரம் வெட்டுவதில் மறுபடியும் பிளவு. காட்டை உண்டாக்கிய கைகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும்போது மனசு வலிக்கிறது. அங்கேயும் எனக்குத் தெரிவது அதே குறைதான்: சண்டை போட்ட பிறகு மறுநாள் எந்த முகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது?

இந்த இடத்தில் நம் ஊர் ஒரு படி மேலே நிற்கிறது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடப்பது உங்களுக்குத் தெரியும். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவார்கள். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். வாங்கியவர் பிறகு அவர்கள் விருந்தில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். என் அப்பத்தாவும் பக்கத்து வீட்டுக்காரியும் வரப்புத் தகராறில் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் மொய் நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு முறைகூட வெற்றிடம் விழவில்லை. அப்பத்தா போய் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வருவார். பேச்சு நின்றாலும் பந்தி நிற்காது. மொய்யால் கடனில் முங்கிப்போனவர்களும் உண்டு, ஊர் என்ற பெயரில் சாதி செய்யும் கொடுமையும் உண்டு. இரண்டையும் நான் மறைக்கவில்லை. ஆனால் கோபத்தைத் தாண்டியும் ஓடுகிற அந்த நோட்டைப் போல ஒன்று எங்கள் பண்ணையில் இருந்திருந்தால், அந்தப் பதினேழு பேரில் பாதிப் பேராவது இன்னும் அங்கே இருந்திருப்போம்.

போன மாதம் மறுபடி வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். இதையெல்லாம் சொன்னேன். நிலம் வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொன்னேன். அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வீட்டில் சேர்ந்து சமைத்துப் பாருங்கள், பாத்திரத்துக்கு முதலில் முறை போடுங்கள், சமைத்தவர் அன்றைக்குக் கழுவக் கூடாது என்றேன். சிங்கப்பூர்க்காரருக்கு முகம் சுருங்கியது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறதே என்ற கவலை அவருக்கு. ஆசிரியை மட்டும் எழுந்துபோய் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து கோடு போட ஆரம்பித்தாள்.

நாலு ஞாயிறு ஆகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு உப்பு விஷயத்தில் இரண்டு பேருக்கு வாய்த்தகராறாம். ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டாராம். நாலாவது ஞாயிறு அவருக்குத்தான் பாத்திர முறை. நேரத்துக்கு வந்து, யாரோடும் பேசாமல், பெரிய குண்டானை முதலில் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாராம். போனில் இதைச் சொல்லும்போது ஆசிரியையின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.