லயத்துக்கு வந்த தபாலும் கைக்கு வந்த போனும்

(திருகோணமலையில் நடந்த பெற்றோர் சந்திப்பில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி இவ்வளவு தூரம் கடலைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சிலர் நினைக்கிறீர்கள். கடலையும் பார்ப்போம். இந்தத் துறைமுகம் நமக்கு அன்னியம் இல்லை. விடியக்காலையில் பிரட்டுக்குப் போகுமுன் நாம் தட்டுகிற ரொட்டி மாவில் பெரும் பங்கு, இங்கே சீனக்குடாவில் இருக்கும் பிறீமா ஆலையில் அரைத்துத்தான் மலைக்கு ஏறுகிறது.

ஆனால் வந்த காரியம் வேறு. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 1993ல் சின்னக் கல்லூரியாகத் தொடங்கி, 2001ல் வளாகம் ஆனது. அங்கே தொடர்பாடல், வணிகக் கற்கைகளுக்கென்றே ஒரு பீடம் உண்டு. "பேப்பரும் ரேடியோவும் ஒரு படிப்பா தம்பி?" என்று பஸ்ஸில் ஒரு ஐயா கேட்டார். படிப்புத்தான் ஐயா. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஆட்களுக்குச் செய்தி எப்போதும் இன்னொருவர் கையால்தான் வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது. கோ. நடேசய்யர் துணி வியாபாரி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1924ல் அவர் 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டாகவே பாடிச் சொன்னார். நோட்டீசு அடித்தால் நாலு பேருக்குப் போகும், பாட்டாகப் பாடினால் மலை முழுக்கப் போகும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குக் கெம்பஸில் தொடர்பாடல் என்று படிப்பிப்பதும் இதைத்தான்: யாருக்கு, எதை, எந்த வழியில் சொன்னால் போய்ச் சேரும்?

பிறகு ரேடியோ வந்தது. இலங்கை வானொலியை நம் லயத்தில் மட்டுமா கேட்டார்கள்? தமிழ்நாடே கேட்டது. இந்தத் திருகோணமலைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1980களில் ஜெர்மன் நாட்டு வானொலி இங்கே பெரிய அஞ்சல் நிலையம் கட்டியது. சிற்றலை என்பது வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் போகும். அதனால் இந்தக் கடற்கரையிலிருந்து ஆசியா முழுக்கப் பேசினார்கள். 2010களில் அந்த நிலையம் நம்முடைய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்துவிட்டது. உலகம் கைத்தொலைபேசிக்கு மாறிவிட்டதே.

ரேடியோ எல்லாருக்கும் ஒன்றாகப் பேசும். ஒரு பிள்ளைக்கென்று வரும் சேதி தபாலில்தான் வர வேண்டும். அங்கேதான் நமக்கு அடி விழுந்தது.

டவுனில் ஒரு வீட்டுக்கு நம்பர் உண்டு, வீதிப் பெயர் உண்டு, தபால்காரர் படலைக்கே வருவார். லயக்காம்பராவுக்கு ஏது அட்ரஸ்? கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி முடிந்து கையில் கிடைத்த கதை, கெம்பஸ் கடிதம் மேசை லாச்சியில் கிடந்த கதை, இங்கே இருக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள். அந்தப் பிள்ளைகள் புத்தி குறைந்தா கொழுந்து பறிக்கப் போனார்கள்?

இப்போது பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பம் இணையத்தில். தெரிவான சேதி, விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பருக்கும் மின்னஞ்சலுக்கும் வருகிறது. ஆபீஸ் லாச்சியைத் தாண்டி நேரே பிள்ளையின் கைக்கு. நூறு வருசத்தில் நமக்குக் கிடைத்த பெரிய மாற்றம் இது என்பது என் அபிப்பிராயம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? டேட்டா சல்லிசு என்று மூன்று மாதத்துக்கொரு சிம் மாற்றுகிறோம். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனுடைய நம்பரைப் படிவத்தில் போடுகிறோம். அண்ணன் கடை மாறிப் போனால் சேதியும் அவரோடு போய்விடும். பழைய லாச்சியைப் பூட்டிவிட்டுப் புது லாச்சி செய்கிறோம், வேறென்ன?

2020ல் கொரோனா வந்து பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் மூடிக் கிடந்தபோது விரிவுரை எல்லாம் சூம் வழியாக நடந்தது. பல்கலைக்கழகச் சேவைகளுக்குக் கொஞ்சக் காலம் டேட்டா இலவசமாகக் கொடுத்தார்கள். இலவசம் சரி, சிக்னல்? பதுளைப் பக்கம் பொஹிடியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே ஏறி, பாறை உச்சியில் உட்கார்ந்து படித்தது 2021ல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நம் பிள்ளைகளும் தேயிலை மலை உச்சியில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது பேப்பரில் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 2022ல் கரண்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் நின்றது. பாட்டரி இறங்கினால் பாடமும் நின்றது.

இன்னொரு விசயம். வாட்ஸ்அப்பில் "புலமைப்பரிசில்" என்று வரும் சேதியை மாமா சித்தப்பா எல்லாருக்கும் தட்டிவிடுகிறீர்கள். காசு கட்டினால் கெம்பஸ் இடம் வாங்கித் தருகிறேன் என்பவன் கள்ளன். அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. இடம் கிடைப்பது இசட் புள்ளியால். கலைப் பிரிவு தவிர மற்றப் பெரும்பாலான பிரிவுகளில் 55 வீதம் இடம் மாவட்டக் கணக்கில் போகிறது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு இன்னும் 5 வீதம் மேலதிகமாக உண்டு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அதில் சேரும். இது சட்டப்படி நமக்குள்ள இடம். இதை விற்க யாராலும் முடியாது. சந்தேகம் வந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பாருங்கள். தமிழிலேயே இருக்கிறது.

கடைசியாக, அம்மாமார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "பொம்புளப் புள்ள கையில போனக் குடுத்தா கெட்டுப்போயிரும், இவ்வளவு தூரம் கெம்பஸுக்கு எப்படி அனுப்புறது?" என்கிறீர்கள். பயம் நியாயமானது. போனில் ஏமாந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை. ஆனால் அதே வீட்டில் பையனுக்கு மட்டும் போன் கொடுத்திருக்கிறீர்களே, அவன் இரவெல்லாம் விளையாட்டுத்தானே விளையாடுகிறான்? பெட்டைக்குப் போன் இல்லை என்றால் அவளுடைய கெம்பஸ் சேதி அவன் போனுக்கு வரும். அவன் பார்த்தால் உண்டு. பின்னேரம் கெம்பஸில் மலைநாட்டிலிருந்து வந்து படிக்கும் அக்காமாரைச் சந்திப்பீர்கள். விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, பயமா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள், அவர்களிடமே கேளுங்கள்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உயர்தரம் எழுதிய பிள்ளையின் பெயர், பிள்ளையின் சொந்த நம்பர், மின்னஞ்சல், தோட்டம், டிவிசன் எழுதிவிட்டுப் போங்கள். நம்பர் மாற்றினால் நலன்புரி ஆபீசில் வந்து சொல்லுங்கள். விண்ணப்பம் போடத் தெரியாவிட்டால் சனிக்கிழமைகளில் வாருங்கள், அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். இப்போது சாப்பாடு தயார். பஸ் 2 மணிக்கு எடுக்கும்.